பதினாறாம் பிறந்தநாள் தீர்ப்பு

சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப்பின், என் மாணவி ஒருத்தியின் தந்தை தடித்த ஆங்கில நாவல் ஒன்றை என் கையில் வைத்தார். "ஹஜ்ரத், மகளின் தலையணைக்கடியிலிருந்து எடுத்தேன். உள்ளே சூனியக்காரிகள் கதையாம், காதலும் இருக்கிறதாம். படித்துப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். கிழித்தெறிவதா, திருப்பிக் கொடுப்பதா?" என்றார். கிழிப்பதற்கு முன்னர் படிக்கவேண்டும் என்ற அவருடைய நியாய உணர்வை மெச்சினேன். நம்மில் பலர் இவ்விரண்டையும் வரிசை மாற்றிச் செய்வதுண்டு. அகராதியும் கையுமாக அமர்ந்து பன்னிரண்டு நாள்களில் முடித்தேன்.

நூலின் பெயர் 'பியூட்டிஃபுல் கிரீச்சர்ஸ்'. கேமி கார்சியா, மார்கரெட் ஸ்டோல் என்னும் இரு அமெரிக்கப் பெண்மணிகள் இணைந்தெழுதி 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொடர்ந்து மூன்று பாகங்கள் வந்தன; 2013-இல் திரைப்படமும் ஆயிற்று. தென் கரோலினாவில் கேட்லின் என்றொரு கற்பனைச் சிற்றூர். அங்கே ஈதன் என்னும் பதினாறு வயதுப் பையன் கதை சொல்கிறான். இவ்வகைக் காதற் கதைகளைப் பெரும்பாலும் பெண்ணே சொல்வாள். இங்கு பையன் சொல்வது ஒரு புதுமை. ஊரார் அஞ்சி ஒதுக்கிய மேக்கன் ரேவன்வுட் என்பவரின் மாளிகைக்கு, அவருடைய மருமகள் லீனா வந்து சேர்கிறாள். அவள் மந்திர ஆற்றலுடைய 'காஸ்டர்' குலத்தவள். கையில் நாள்தோறும் ஓர் எண்ணை எழுதிக்கொள்கிறாள். பதினாறாம் பிறந்தநாளுக்கு எஞ்சியுள்ள நாள்களின் கணக்கு அது.

அந்த நாளில்தான் அவள் ஒளிக்கு உரியவளா, இருளுக்கு உரியவளா என்பது தீரும். மற்றக் காஸ்டர்கள் தாமே தேர்ந்துகொள்ளலாம். லீனாவின் குடும்பத்தார்க்கு மட்டும் அவ்வுரிமை இல்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஜெனவீவ் என்ற மூதாட்டி, மாண்ட காதலனை மந்திர நூலொன்றின் துணையால் மீட்க முயன்றாள்; அதன் சாபம் பேத்திகளின் தலையில் விடிகிறது.

மந்திரம், மின்னல், தானே உடையும் சன்னல் எல்லாம் வெறும் ஒப்பனை. நூலின் உயிர் இந்த ஒரு வினாவில் இருக்கிறது: குழந்தை தீயவளாகவே பிறக்கக்கூடுமா? பாலிக் ஆகும்வரை சிறார்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்று மதரஸாவில் ஓதினோம். பருவமடையும் நாளில்தான் எழுதுகோல் தாளில் இறங்குகிறது; நன்மை தீமைக் கணக்கு அன்று தொடங்குகிறது. லீனாவுக்கோ அதே பருவத்தில் கணக்கு முடிந்துவிடுகிறது. நமக்குப் பொறுப்பு பிறக்கும் வயதில் அவளுக்குத் தீர்ப்பு எழுதப்படுகிறது. இந்த அச்சத்தை ஆசிரியைகள் உள்ளம் நடுங்க எழுதியிருக்கிறார்கள். இருளுக்குப் போய்விட்ட ரிட்லி, முன்பு லீனாவோடு கூடி விளையாடிய ஒன்றுவிட்ட சகோதரி. கண்கள் பொன்னிறமாக மாறிய அவள் சிரித்துக்கொண்டே வருகிற இடங்களில் அடுத்த பக்கத்தைப் புரட்டக் கை தயங்கிற்று.

மறுப்பும் நூலுக்குள்ளேயே இருக்கிறது. மேக்கன் பிறவியால் இருள் வகையினர், குருதி உண்ணவேண்டியவர். அவரோ மனிதரின் கனவுகளை உண்டு பசியாறி, அனாதைப் பெண்ணை வளர்க்கிறார். பிறவி ஒன்று, நடத்தை வேறு! இவரை வைத்தே சாபத்தின் வாதத்தை உடைத்திருக்கலாம். தம் நாய்க்கு ஹார்ப்பர் லீயின் நாவலில் வரும் தனிமையாளர் 'பூ ராட்லி'யின் பெயரை இட்டிருக்கிறார் இவர். ஊர் தம்மைப்பற்றி என்ன பேசுகிறது என்பது அவருக்குத் தெரியும். லீனாவைப் பள்ளியினின்று நீக்க ஊர்ப் பெண்மணிகள் கூட்டம் கூட்டும்போது அவரே அவைக்கு வருகிறார். நூலின் சிறந்த அத்தியாயம் அதுவே. அங்கே மந்திரம் குறைவு. அண்டை அயலாரின் கொடுமை அதிகம்.

முடிவில்தான் எனக்கு மனக்குறை. லீனா ஒருத்தி தேர்ந்துகொள்ளலாம் என்று கடைசியில் தெரிகிறது. ஆனால் ஒளியைத் தேர்ந்தால் மேக்கனும் ரிட்லியும் மாள்வர். இருளைத் தேர்ந்தால் நல்லோர் அனைவரும் மாள்வர். எத்தகைய சோதனை! இங்கே ஆசிரியைகள் துணிந்திருக்க வேண்டும். மாறாக, நிலவை மறையச் செய்து, தீர்ப்பை ஒத்திவைத்து, அடுத்த பாகத்துக்கு வாசகரை அனுப்பிவிடுகிறார்கள். கொலையுண்ட ஈதனை லீனா பாட்டியின் அதே நூலைக்கொண்டு மீட்கிறாள். விலை மேக்கனின் உயிர். பாட்டியின் பிழையைப் பேத்தி மறுபடி செய்கிறாள் என்பதைக் கதை உணர்ந்திருக்கிறது. காதலின் வெற்றியாகவும் அதையே காட்ட விரும்புகிறது. இரண்டும் ஒட்டவில்லை.

இன்னொன்று. உள்நாட்டுப் போரை இத்துணை விரிவாகக் கொண்டுவந்தவர்கள், அப்போருக்குக் காரணமான அடிமைமுறையை மெல்லத் தொட்டு நகர்ந்துவிட்டார்கள். ஈதனை வளர்க்கும் கறுப்பின மூதாட்டி அம்மா (அது அவர் பெயரே) குறுக்கெழுத்துப் புதிரும் தாயத்துமாக மறக்கவியலாத பாத்திரம்; அவருடைய முன்னோர் பட்ட பாடு பக்கங்களுக்குள் வரவில்லை. திரைப்படத்தில் அவரையும் நூலகரையும் ஒரே ஆளாக்கி இன்னும் சுருக்கிவிட்டார்கள்.

சிஹ்ரு பற்றிய அச்சத்துக்கு வருவோம். பாபிலோனில் ஹாரூத், மாரூத் இருவரும் தாங்கள் ஒரு சோதனையே என்று எச்சரித்த பின்னரே கற்பித்தனர் என்பதை அல்பகரா அத்தியாயத்தில் ஓதுகிறோம். மக்கள் கற்றதோ கணவன் மனைவியைப் பிரிக்கும் வித்தையை. இந்நாவல் எந்த வித்தையையும் கற்பிக்கவில்லை. தன்னைத் தீயவள் என்று ஊர் சொல்லக் கேட்டு, அதுதான் உண்மையோ என்று இரவில் விழித்திருக்கும் ஒரு பெண்ணின் மனத்தைக் காட்டுகிறது. அப்பெண் அமெரிக்காவில் மட்டும் இல்லை.

நூலைத் தந்தையிடம் கொடுக்காமல் மகளிடமே கொடுத்தேன். "ரிட்லிக்குத் தவ்பா உண்டா, உஸ்தாது?" என்று கேட்டாள். இரண்டாம் பாகம் இருந்தால் கொண்டு வா, அதையும் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.