களவேள்வியும் பரணிப் பேய்களும்

கலிங்கத்துப் பரணியில் பேய்கள் கூழ் சமைத்துண்ணும் பகுதியை நகைச்சுவைக்கென எழுந்த மிகைக் கற்பனை என்று கூறி அமைவர் பலர். அப் பகுதி பழைய சடங்கொன்றின் மறுவடிவம் என்பதை மனங்கொண்டு நோக்கின், சயங்கொண்டார் செய்த மாற்றத்தின் பொருள் புலனாகும்.

வென்ற வேந்தன் பகைவர் உடலையே உணவாக்கிக் களத்தில் வேட்பதைக் களவேள்வி என்பர். புறநானூற்று 26-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் நெடுஞ்செழியனின் களவேள்வியைப் பாடுகிறார். முடித்தலை அடுப்பாகிறது, குருதி உலைநீராகிறது, வீரவளை அணிந்த தோள் துடுப்பாகிறது. புறப்பொருள் வெண்பாமாலை இதனை ‘மறக்கள வேள்வி’ என வாகைப் படலத்துள் வைக்கும். மதுரைக்காஞ்சியிலேயே பேய்மகள் களத்தில் தோன்றிவிடுகிறாள். ஆயினும் இவற்றிலெல்லாம் வேள்வித் தலைவன் அரசனே.

பரணியிலோ அரசன் அடுப்பருகே இல்லை. முதற் குலோத்துங்கன் களத்திற்கே செல்லவில்லை. படை நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான். சமைப்போரும் உண்போரும் பேய்களே. அவை பல் துலக்கி, நீராடி, முறைப்படி தொடங்குகின்றன. முரசம் உரலாகிறது, யானைக் கொம்பு உலக்கையாகிறது, வீரர் பற்கள் அரிசியாகின்றன. பின்னர்ப் பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என ஒவ்வொன்றின் நோன்பும் வழக்கும் அறிந்து கூழ் வார்க்கப்படுகிறது. உயிர்க்கொலை நீத்த சமணப் பேய்க்கு மயிர் நீக்கி வடித்து வார்க்க வேண்டும் என்னும் கவலையை என்னென்பது! வேந்தனின் வீரச் சடங்கு, ஊர்ப் பந்தியாக மாறிவிடுகிறது. வேள்வித் தலைவனாக நின்ற அரசன், உண்ட வயிறுகளின் வாழ்த்தைப் பெறுபவனாகிறான்.

இம் மாற்றத்திற்குப் புலவர் முன்னரே வழி செய்துள்ளார். இந்திரசாலப் பகுதியில், இமயத்தினின்று வந்த முதுபேய் தான் கற்ற மாய வித்தையைக் காளிமுன் காட்டுகிறது. பசித்த பேய்கள் இல்லாத குருதியை முகந்தும், இல்லாத நிணத்தை விழுங்க முயன்றும் ஏமாறுகின்றன. வித்தையை நிறுத்துமாறு வேண்டுகின்றன. வித்தை பசி தீர்க்காது. மெய்யான பிணங்களே தீர்க்கும். இதனை உணர்ந்தபின் கூழடுதலைக் கற்போர்க்கு அந்நகையின் அடியில் ஓர் அச்சம் தங்குகிறது.

அரசனுடைய புகழைக் குருதிக் கறையினின்று விலக்கவே புலவர் சடங்கைப் பேய்களிடம் ஒப்படைத்தார் எனச் சிலர் வாதிடலாம். அதற்கும் இடமுண்டு. ஆயின், கூழடுதல் தொடங்குமுன் காளி பேய்களுக்குக் களத்தைக் காட்டும் காட்சியை நோக்குக. அங்கே ஒருத்தி, தன் கணவனுடைய கையையும் மார்பையும் தோளையும் தனித்தனியே தேடி, அவை எங்கே என்று பயிரவியையே வினவி நிற்கிறாள். விடை வருவதில்லை. மாங்குடி கிழார் பாட்டில், வெற்றி பெற்ற வேந்தன் நடுநாயகமாக வீற்றிருக்கும் களத்தில், இவ்வினாவிற்கு இடமே இல்லை.

வேந்தன் விலகிய வெற்றிடத்திலேதான் பேயின் நகையும் பெண்ணின் வினாவும் ஒருங்கே புகுந்தன. நகையை மட்டும் கண்டு மகிழ்ந்து இவ்வினாவைக் கடந்துவிடுவோமாயின், பரணியைப் பாதியே கற்றவராவோம் என்பது நம் துணிபு.