ஐந்தொகையில் அடங்காத உயிர்கள்
இரு உளவு நாவல்களைப் பற்றிய ஒரு திறனாய்வு

உளவுக் கதைகளை இறையியல் மாணவர்கள் கையில் எடுப்பதைப் பெரியோர் பலர் விரும்புவதில்லை. அவை புகைவண்டிப் பயணத்தில் பொழுதைக் கழிப்பதற்கென அச்சிடப்படும் மலிவுப் பதிப்புகள் என்பதே அவர்கள் கருத்து. அக்கருத்து முற்றிலும் தவறன்று. ஜேம்ஸ் பாண்ட் கதைகளில் அறச்சிக்கல் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. நம்மவன் வெல்வான், பகைவன் வீழ்வான், வாசகன் நிம்மதியாக உறங்குவான். ஆயினும், வாசகனின் உறக்கத்தைக் கெடுக்கும் உளவு நாவல்களும் உள. ஜான் லெ காரே 1963இல் எழுதிய 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்', கிரகாம் கிரீன் 1978இல் வெளியிட்ட 'தி ஹியூமன் ஃபேக்டர்' ஆகிய இரண்டும் அத்தகையவை. இரண்டுமே பனிப்போர்க் காலத்துப் படைப்புகள்; இரண்டின் ஆசிரியரும் பிரித்தானிய உளவுத்துறையில் பணிபுரிந்தவர்கள்.

ஒற்றாடல் மனித சமுதாயத்துக்குப் புதிதன்று. கானான் நாட்டை வேவுபார்க்க மோசே பன்னிருவரை அனுப்பினார். வள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, ஒற்றனை மன்னவனின் கண்ணாகக் கருதினார். ஆகவே, அரசு ஒற்றரை வைத்திருக்கலாமா என்பது இங்கு வினா அன்று. பலருடைய நன்மைக்காக ஒருவனை, அவன் அறியாமலேயே, செலவிட்டுவிடும் உரிமை எவருக்கேனும் உண்டா என்பதே இந்நாவல்கள் நம்முன் வைக்கும் வினா.

1. சுவரின் மீது ஒரு மனிதன்

டேவிட் கார்ன்வெல் (1931–2020) என்னும் இயற்பெயருடைய லெ காரே, பெர்லின் சுவர் எழுந்த 1961ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் பான் நகரிலிருந்த பிரித்தானியத் தூதரகத்தில் பணியில் இருந்தார். அச்சுவரே அவருடைய நாவலின் தொடக்கமும் முடிவும் ஆகிறது. பெர்லினில் பிரித்தானிய உளவுப் பிரிவின் தலைவனான அலெக் லீமாஸ், தன் ஒற்றர்களை ஒருவர் பின் ஒருவராக இழக்கிறான். அவர்களை அழித்தவன் கிழக்கு ஜெர்மானிய உளவுத்துறையைச் சேர்ந்த முண்ட். அவனை வீழ்த்தும் பொருட்டு, வேலையிழந்து குடித்துச் சீரழிந்தவனைப் போல் நடித்து எதிரியின் கையில் அகப்படுமாறு இலண்டன் மேலிடம் லீமாஸைப் பணிக்கிறது. அந்நடிப்பின் நடுவே, நூலகமொன்றில் பணிபுரியும் லிஸ் என்னும் இளம்பெண் அவன்மீது உண்மையான அன்பு கொள்கிறாள். அவள் பொதுவுடைமைக் கட்சியின் எளிய உறுப்பினள்.

கிழக்கு ஜெர்மனியில் லீமாஸை விசாரிப்பவன் முண்டின் துணைவனான பீட்லர் என்னும் யூதன். இவ்விருவரின் உரையாடலே நாவலின் நெஞ்சம் எனலாம். தன் கொள்கை முன்னேறுமாயின், குற்றமற்றோரின் சாவையும் செலவுக் கணக்கில் எழுதிவிடத் தான் ஆயத்தம் என்று பீட்லர் ஒளிக்காமல் கூறுகிறான். ஆனால், ஒவ்வோர் ஆன்மாவையும் விலைமதிப்பற்றது எனக் கொள்ளும் கிறிஸ்தவச் சமுதாயம் இவ்வாறு ஐந்தொகை போடுவது எங்ஙனம் என்று அவன் வினவுகிறான். லீமாஸிடம் விடை இல்லை. விடை தேடும் ஆர்வமும் இல்லை. இறையியல் வினாவை எழுப்புகிறவன் கடவுளை நம்பாதவன். தோளைக் குலுக்கிவிட்டு நகர்கிறவன் 'கிறிஸ்தவ நாட்டின்' ஊழியன். இம்முரணை ஆசிரியர் அழுத்திக் காட்டவில்லை. அதனாலேயே அது ஆழமாய்த் தைக்கிறது.

பின்னர் நிகழும் விசாரணையில் லிஸ் சாட்சியாகக் கொண்டுவரப்படுகிறாள். அவள் கள்ளமின்றிக் கூறும் உண்மைகளே பீட்லரை வீழ்த்துகின்றன. அப்போதுதான் லீமாஸுக்கு உண்மை விளங்குகிறது: முண்ட் இலண்டனின் கையாள். அவனை ஐயுற்ற பீட்லரை ஒழிப்பதே திட்டத்தின் நோக்கம். யூதரை வெறுக்கும் கொடியவன் காக்கப்பட, யூதனாகிய நேர்மையாளன் அழிகிறான். குற்றமற்றோரைச் செலவெழுதத் துணிந்த பீட்லர் தானே ஒரு செலவாக எழுதப்படுகிறான். எழுதியவர்களோ, ஐந்தொகை போடலாகாது என்று அவன் எண்ணியிருந்த தரப்பினர்.

2. பெட்டிக்குள் வாழ்வோர்

கிரகாம் கிரீன் (1904–1991) 1926இல் கத்தோலிக்கச் சபையில் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது உளவுத்துறையில் கிம் பில்பியின் கீழ்ப் பணியாற்றியவர். அந்தப் பில்பி சோவியத்தின் கையாளென 1963இல் வெளிப்பட்டு மாஸ்கோவுக்கு ஓடியபின்னும், கிரீன் அவருடைய நட்பை மறுக்கவில்லை. அப்பட்டறிவின் சாயல் இந்நாவலில் உண்டு.

கதைத் தலைவன் மாரிஸ் காஸில் இலண்டன் அலுவலகத்தில் ஆப்பிரிக்கப் பிரிவில் அமைதியாக உழைக்கும் முதிய அலுவலன். முன்பு தென்னாப்பிரிக்காவில் பணிபுரிந்தபோது சாரா என்னும் கறுப்பினப் பெண்ணை நேசித்து, இனவெறிச் சட்டத்தை மீறினான். அவளைத் தப்புவித்தவன் கார்சன் என்னும் பொதுவுடைமைவாதி. அந்நன்றிக் கடனுக்காகவே காஸில் சோவியத் தரப்புக்குச் செய்திகளைக் கொடுக்கிறான். கொள்கை அன்று, பணம் அன்று, பதவி ஆசையும் அன்று. நன்றியுணர்வு ஒருவனைத் துரோகி ஆக்குகிறது.

செய்தி கசிவதை அறிந்த மேலிடம், காஸிலின் கீழ்ப் பணிபுரியும் டேவிஸ் என்னும் இளைஞனை ஐயுறுகிறது. பொது விசாரணை நடந்தால் துறைக்கு இழுக்கு. ஆகவே, மருத்துவர் பெர்சிவல் அவனை நோயாளிபோல் காட்டி நஞ்சூட்டிக் கொன்றுவிடுகிறார். இவ்வேற்பாட்டின் தொடக்கப் பேச்சு நிகழ்வது நாட்டுப்புற மாளிகையொன்றில், வேட்டைக்கும் விருந்துக்கும் கூடிய நண்பர்களிடையே! மனம் உறுத்தும் பாதுகாப்பு அலுவலர் டெய்ன்ட்ரிக்கு, சுவரில் தொங்கும் பென் நிக்கல்சனின் ஓவியத்தைப் பெர்சிவல் சுட்டிக்காட்டுகிறார். வண்ணச் சதுரங்கள் தனித்தனியே நிற்பதைப்போல, அவரவர் தத்தம் பெட்டிக்குள் இருந்து தத்தம் வேலையைச் செய்தால் போதும் என்பதே அவருடைய போதனை. எவனும் கொலை செய்வதில்லை. ஒருவன் ஐயத்தைக் குறிக்கிறான், ஒருவன் தலையசைக்கிறான், ஒருவன் மருந்து கலக்கிறான். பாவம் பகிர்ந்தளிக்கப்படுவதால் பாவியே இல்லாமற்போகும் இவ்வமைப்பைக் கிரீனைப்போல் எளிமையாகக் காட்டியவர் சிலரே.

மற்றொரு காட்சியும் நம் கருத்துக்குரியது. சுமை தாங்காத காஸில், தான் கத்தோலிக்கன் அல்லாதபோதிலும், ஓர் ஆலயத்தின் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடுகிறான். குருவோ, உனக்கு வேண்டியவர் மருத்துவர் என்னும் பொருள்பட விரட்டிவிடுகிறார். அத்தொட்டியும் ஒரு பெட்டியாகவே ஆயிற்று. இதைப் படித்து நாம் உரோமைச் சபையைக் குறைகூறி மகிழ்வது பேதைமை. காஸில் நம் குருமனையின் கதவைத் தட்டியிருந்தால், அலுவல் நேரம் முடிந்துவிட்டது என்று நாமும் கூறியிருக்கக்கூடும்.

3. மூவகைக் கணக்குகள்

மாந்தரைப் படைக்கும் திறத்தில் கிரீனே மேம்பட்டவர். லெ காரேயின் லிஸ் பலியாவதற்கென்றே வரையப்பட்ட மெல்லிய கோட்டுருவம். அவளுக்கெனத் தனி விருப்பும் கோபமும் போதிய அளவு தரப்படவில்லை. சாராவோ எலும்பும் தசையும் உடையவள். டேவிஸின் வீண்பேச்சும் நிறைவேறாத காதலும் அவனை நம் அறைத்தோழன்போல் ஆக்கிவிடுகின்றன.

எனினும், அறத்தை எடைபோடும்போது கிரீனின் தராசு சற்றே சாய்கிறது என்பது எம் கருத்து. அரசின் கணக்கு, பலருக்காக ஒருவனைச் செலவிடுவது. காஸிலின் கணக்கு, தன் அன்புக்குரிய ஒருத்திக்காக நாட்டையே செலவிடுவது. முன்னதைக் கிரீன் கடிகிறார். பின்னதைக் கனிவோடு நோக்குகிறார். ஆனால், இரண்டு கணக்கிலும் விலை கொடுத்தவன் மூன்றாமவனாகிய டேவிஸே அல்லனோ? காஸில் நஞ்சூட்டவில்லை என்பது உண்மை. ஆயினும், அவனுடைய இரகசியத்தின் நிழலிலேதான் டேவிஸ் மடிந்தான். கதை காஸிலின் தனிமையை நோக்கி விரையும்போது டேவிஸின் கல்லறை பின்தங்கிவிடுகிறது. காஸில் தந்த செய்திகள் சோவியத்தின் வேறொரு சூழ்ச்சிக்குக் கருவியாயின என்று மாஸ்கோவில் அவன் அறியும் இடமும், சாராவோடு பேசும் தொலைபேசி துண்டிக்கப்படும் முடிவும் நம் இரக்கத்தை முற்றிலும் அவனுக்கே உரித்தாக்குகின்றன. வஞ்சிக்கப்பட்டவனாகக் காஸிலைக் காட்டும் ஆசிரியர், வஞ்சித்தவனாக அவனை இறுதிவரை நிறுத்தவில்லை.

லெ காரேயின் முடிவு வேறு. தப்பிச் செல்ல வழி செய்யப்பட்டு லீமாஸ் சுவரின்மேல் ஏறுகிறான். கீழே லிஸ் சுடப்பட்டு விழுகிறாள். மேற்குப் பக்கத்தில் பாதுகாப்பு அழைக்கிறது. அவனோ கிழக்குப் பக்கமாக, அவள் கிடக்குமிடத்துக்கே இறங்கிச் சுடப்பட்டு மடிகிறான். இவனைக் கிறிஸ்துவின் சாயலாகக் காண்பது மிகை. அவன் எவரையும் மீட்கவில்லை. களைத்துப்போன ஒரு மனிதன், அவ்வளவே. ஆயினும், இரு நாவல்களிலும் பிறர் தலையில் விலையை ஏற்றாமல், தானே அதைக் கொடுத்தவன் அவன் ஒருவனே. இதுவே மூன்றாவது கணக்கு. பீட்லரின் வினாவுக்கு வாயால் விடை கூறாதவன் கால்களால் விடை கூறினான்.

யோவான் நற்செய்தியில், மக்கள் அனைவரும் அழியாதிருக்க ஒரு மனிதன் சாவதே நலம் என்னும் வாதத்தை ஆலோசனைச் சங்கத்தில் முன்வைத்தவர் காய்பா. அவர் கொடுங்கோலர் அல்லர், பொறுப்புள்ள நிர்வாகி. அதுவே நம்மை அஞ்சவைக்க வேண்டும். இக்கணக்குப் போடப்படுவதற்கு உளவுத்துறை தேவையில்லை. பூட்டிய கதவும், நற்பெயரைக் காக்கும் ஆவலும், அங்கு இல்லாத ஒருவருடைய பெயரும் போதும். எந்த நிர்வாகக் குழுவும் இதை அறியும். அடுத்த முறை அத்தகைய அறையில் நாம் அமர்ந்திருக்கையில், செலவாக எழுதப்படவிருப்பவரின் முகத்தை ஒருகணம் நினைக்கச் செய்யுமாயின், இவ்விரு நாவல்களையும் படித்த நேரம் வீண்போகவில்லை எனலாம்.