பேசும் பொம்மை, பேசாத விலை

சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரை தமுக்கம் பொருட்காட்சிக்குப் போனவர்களுக்கு, பொம்மைக்காரரிடம் பேரம் பேசுகிற கலை தெரிந்திருக்கும். அவர் இருநூறு என்பார். நாம் எண்பது என்போம். "கட்டுப்படியாகாதுண்ணே" என்பார். பத்தடி நடந்தால் கூப்பிடுவார். நூற்றிருபதுக்கு முடியும். ஜெயித்தோமா, ஏமாந்தோமா என்பது மீனாட்சிக்கே வெளிச்சம். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்த பிளாஸ்டிக் பஸ் நம்மிடம் மறுபடி காசு கேட்காது.

போன வருஷம் என் தங்கை, அண்ணா நகரில் இருக்கிறாள், மகனுக்கு ஒரு பேசும் ரோபோ வாங்கிக் கொடுத்தாள். கதை சொல்லும், கணக்குச் சொல்லித் தரும், ஆடும் என்று பெட்டி முழுக்கப் படம். எம்.ஆர்.பி., அனைத்து வரிகளும் உட்பட. வைஃபை கொடுத்து, ஆப் இறக்கி, ஓ.டி.பி. தட்டியதும் ஜோராகத்தான் பேசியது. ஒரு மாதம். அப்புறம் ஒருநாள் பாதிக் கதையில் நிறுத்தி, பெற்றோரை அழைக்கச் சொன்னது. மேற்கொண்டு கேட்க வருஷச் சந்தா! "மாமா, சிங்கம் கிணத்துல குதிக்கறதுக்குள்ள நிப்பாட்டிருச்சு" என்று பையன் போனில் ஒரே அழுகை.

பெட்டியை வாங்கிப் படித்துப் பார்த்தேன். விஷயத்தை மறைத்தார்கள் என்று சொல்லமுடியாது. அடிப்பக்கம், பார்கோடுக்குக் கீழே, எறும்பு சைஸில் 'சில வசதிகளுக்குத் தனிக் கட்டணம்'. எந்த வசதி, எவ்வளவு கட்டணம்? மூச்!

சந்தாவே கூடாது என்பது என் கட்சி அல்ல. ரோபோவின் மூளை எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. அதற்கு மாதா மாதம் செலவு உண்டு. மும்பைத் தயாரிப்பான மைக்கோ ரோபோவுக்குக்கூட 'மைக்கோ மேக்ஸ்' என்று தனிச் சந்தாத் திட்டம் இருக்கிறது. இருக்கட்டும். அந்தத் தொகையைக் கடையில், காசு கொடுக்குமுன் சொல்லவேண்டும் என்பதுதான் வழக்கு.

பெட்டிமேல் என்னென்ன அச்சிடவேண்டும் என்பதற்கு 2011-ம் வருஷத்து சட்டமுறை எடையளவு விதிகள் இருக்கின்றன. தயாரிப்பாளர் முகவரி, மாதம், வருஷம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல நம்பர். அப்பளத்துக்கும் சோப்புக்கும் இது போதும், சரக்கு முழுக்கப் பெட்டிக்குள் இருப்பதால். 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அது குழந்தையின் விரலைக் காப்பாற்றும், அப்பாவின் பர்ஸை அல்ல.

2023 நவம்பரில் மத்திய அரசு, இணைய வியாபாரத்தின் 13 தகிடுதத்தங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. அதில் ஒன்று, விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது. ஏற்கெனவே காசு கொடுத்த சேவையை, இன்னும் ஏதாவது வாங்கினால்தான் ஆச்சு என்று தடுப்பதும் அதில் சேர்த்தி. 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். எத்தனை அம்மாக்களுக்கு இது தெரியும்?

விலையில் இன்னொரு பாதியும் உண்டு: ஆயுள். மாக்ஸி என்று ஒரு அமெரிக்க ரோபோ. குழந்தைகளின் தோழன், விலை 799 டாலர், நம்மூர் கணக்கில் அறுபத்தேழாயிரத்துக்கு மேல். 2024 டிசம்பரில், பணமில்லை, கடையைக் கட்டுகிறோம், சர்வர் நின்றால் மாக்ஸியும் நின்றுவிடும் என்று கம்பெனி அறிவித்தது. ரோபோவின் சாவை விளக்கிச் சொல்லும் வேலை பெற்றோர் தலையில் விழுந்தது. பிறகு, சொந்த கம்ப்யூட்டரில் வைத்து ஓட்டிக்கொள்ள ஒரு வழி செய்தார்கள். அதற்கு அப்பா இன்ஜினீயராக இருக்கவேண்டும்.

ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற நட்சத்திர லேபிளில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் கரண்ட் என்று போட்டிருக்கிறது அல்லவா? அதேபோல் பொம்மைப் பெட்டியிலும் மூன்று வரி போதும். சந்தா இல்லாமல் எது எது ஓடும். சந்தா வருஷத்துக்கு எவ்வளவு. எந்த வருஷம் வரை சர்வர் உத்தரவாதம். எம்.ஆர்.பி. இருக்கிற பக்கத்திலேயே, அதே சைஸ் எழுத்தில்.

தங்கை சந்தா கட்டவில்லை. இந்த வருஷக் கொலுவில் ரோபோ, விளாச்சேரி மண்பொம்மைச் செட்டியாருக்குப் பக்கத்தில் நின்றது. சிங்கத்தின் மீதிக் கதையை நானே போனில் சொல்லி முடித்தேன்.