சம்சாரம் ரயிலேறிய கதை

என் கதையொன்றை நண்பர் மராத்தியில் பெயர்த்தார். "என் சம்சாரம் ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று ஒரு குமாஸ்தா சொல்வது அதில் வருகிறது. நண்பர் சம்சாரத்தை அப்படியே விட்டுவிட்டார். வடமொழிச் சொல்தானே என்ற தைரியம். புனேயில் ஒருவர் படித்துவிட்டு, "இல்லறம் எப்படி ஐயா ரயிலேறும்?" என்று கேட்டாராம். மராத்தியில் 'ஸம்ஸார்' குடித்தனம், மனைவி அல்ல.

உபந்நியாசம் நமக்குக் கோயில் பிரசங்கம், ஹிந்திக்காரருக்கு நாவல். மராத்தியில் நாவலுக்குப் பெயர் காதம்பரி. பாணபட்டருடைய கதாநாயகியின் பெயர், ஓர் இலக்கிய வகைக்கே பெயராகிவிட்டது!

'பாய்கோ' என்று திருத்துவதாக நண்பர் எழுதினார். அர்த்தம் சரிதான். ஆனால் 'பெண்டாட்டி' என்று சொல்லக் கூசி, மனைவியைக் குடித்தனத்துக்குள் மறைத்துப் பேசும் அந்தக் குமாஸ்தாவின் நாக்கு அதில் இல்லையே. பழைய மராத்தியர் மனைவியைக் 'குடும்ப' என்று சொல்வதுண்டு. அதையே போடச் சொன்னேன். பழைய வாடை அடிக்கும் என்றார். குமாஸ்தாவும் பழைய ஆசாமிதான் என்று பதில் எழுதினேன்.

'நாம்', 'நாங்கள்' வந்த இடங்களில் நண்பருக்குக் கஷ்டமே இல்லை. 'ஆபண்', 'ஆம்ஹீ' என்று அங்கேயும் இரண்டு உண்டு. இங்கிலீஷில் வந்த அதே கதையில், குமாஸ்தா பக்கத்து வீட்டுக்காரரையும் கோயிலுக்குக் கூப்பிட்டாரா இல்லையா என்பது எனக்கே விளங்கவில்லை.