கயிற்றுக்கு வெளியே நிற்கிற எதிராளி

'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலையில் வந்தபோது தியேட்டர்கள் மூடிக் கிடந்தன. படம் நேராக அமேசானில் வந்தது. போடியில், எங்கள் தெருத் திண்ணையில், ஒரு செல்போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்தோம். பாதிப்பேர் விடியுமுன்னே ஜீப்பில் போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் ஏலக்காட்டு வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிற பொம்பளைகள்.

டான்சிங் ரோஸ் கையைத் தொங்கப்போட்டு ஆடிக்கொண்டு வந்ததும் பையன்கள் விசிலடித்தார்கள். சின்னம்மா ஒருத்தி மட்டும் கபிலனைப் பார்த்துச் சத்தம் போட்டாள்: "அவன் ஆட்டத்துல மயங்காதடா, காலப் பாரு." ஈரச்சரிவில் கால் ஊன்றி, செடித்தூரில் குனிந்து காய் எடுக்கிறவளுக்கு எது எங்கே வழுக்கும் என்று தெரியும்.

நம் விமர்சகர்கள் ரோஸின் ஆட்டத்தைக் கொண்டாடினார்கள். சரிதான். ஆனால் அந்தச் சண்டையில் கபிலன் செய்ததை யாரும் அதிகம் பேசவில்லை. பிடி கொடுக்காத ஆளிடம் முதலில் திணறுகிறான், காற்றைக் குத்துகிறான், அடி வாங்குகிறான். பிறகு எதிராளியின் தாளத்தைப் படித்துவிட்டு அடிக்கிறான். 'உடல் உழைப்பாளிக்கு வலு உண்டு, புத்தி கிடையாது' என்று காலகாலமாகச் சொல்லிவந்த பொய்யை ரஞ்சித் அங்கே வசனமே இல்லாமல் உடைக்கிறார்.

இதை 1963 மார்ச் 13, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனோடு சேர்த்துப் பார்க்கலாம். 21 வயது காசியஸ் கிளே, டக் ஜோன்ஸை நாலாவது ரவுண்டில் முடிப்பேன் என்று வாய்ச்சவடால் அடித்தவர். ஜோன்ஸ் உயரத்திலும் எடையிலும் குறைந்தவர். ஆனாலும் முதல் ரவுண்டிலேயே கிளேயைத் தள்ளாட வைத்தார். பத்து ரவுண்டும் நடந்து, தீர்ப்பில்தான் கிளே வென்றார். கூட்டம் கூச்சல் போட்டது. பலர் அதைத் தோல்வி மாதிரியே பேசினார்கள். நான் அப்படி மதிப்பிட மாட்டேன். நினைத்தது நடக்காதபோதும் கலையாமல் நின்று, கடைசி ரவுண்டுகளைத் தன் பக்கம் இழுத்தாரே, அதுதான் பயிற்சி. அடுத்த பிப்ரவரியில் லிஸ்டனை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார்.

ரோஸும் ஜோன்ஸும் கோணலாக ஆடினாலும் கயிற்றுக்குள் நின்று ஆடியவர்கள். கருப்பரான அலியிடமிருந்து 1967இல் பட்டத்தைப் பறித்தவர்கள் கயிற்றுக்கு வெளியே இருந்தார்கள். வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்றதற்கு அது தண்டனை. கபிலன் வேம்புலியை ஜெயிக்கப்போகும் நேரத்தில் தணிகாவின் ஆட்கள் ரிங்குக்குள் புகுந்து அவனை அம்மணமாக்குகிறார்கள். அந்த எதிராளிக்கு எந்த வாத்தியாரும் அவனைத் தயார் செய்யவில்லை. அதனால்தான் சாராயத்தில் விழுகிறான்.

இங்கேதான் எனக்குப் படத்தோடு சண்டை. அம்மணமாக்கிய சாதிக்கான பதிலை மறுபடி ரிங்குக்குள்ளேயே, வேம்புலியின் மீதே, தேடுகிறது படம். வேம்புலி தோற்கிறான், சாதி தோற்றதா? அவமானத்தின் கணக்கு தீராமலே நமக்குக் கைதட்டல் கிடைத்துவிடுகிறது.

1989 போடிக் கலவரத்தைப் பற்றிக் கேட்டால் எங்கள் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "நேருக்கு நேரா எவன்டா வந்தான்?" படம் முடிந்ததும் சின்னம்மா எழுந்து சேலையை உதறினாள். "ஜெயிச்சுட்டான், சரி. துணிய உருவுனவன் என்ன ஆனான்?" என்றாள். எம்.ஏ. தமிழ் படித்த என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அடுத்த நாள் விடியுமுன்னே அவள் ஜீப் ஏற வேண்டும்.