சாய்த்துப் பார்க்கிற கண்

ஆம்பூர் டேனரிகளில் தோலைத் தரம் பிரிக்கும் அசார்ட்டர் தோலை நேருக்கு நேர் பார்க்கவே மாட்டார். ஜன்னல் பக்கம் இழுத்து, ஓரத்தைத் தூக்கி, வெளிச்சம் சறுக்கிப் போகிற மாதிரி சாய்ப்பார். உண்ணிக் கடியும் முள் கீறலும் அந்தச் சாய்வில்தான் மேலே வரும். சின்ன வயதில் இதை வாய் பிளந்து பார்த்தவன் நான். காந்தப் படலங்களை ஒளியால் அளக்கும் கெர் முறையை முதலில் பார்த்தபோது, இது நம்மூர் வேலையாச்சே என்றுதான் பட்டது.

கிளாஸ்கோவில் கணக்கு வாத்தியாராக இருந்த ஜான் கெர் 1876-ல் கண்டது இது: மின்காந்தத்தின் மெருகேற்றிய முனையில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் தளம் இம்மியளவு திரும்பியிருந்தது. இரும்பிலேயே அரை டிகிரிக்கு உள்ளேதான்.

அதைப் பிடிக்கிற விதத்தில்தான் கைத்திறன். லேசர்க் கதிர், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற ஒரு போலராய்டு வழியே போய், படலத்தில் பட்டு, இரண்டாவது போலராய்டு வழியே உணர்கருவிக்கு வரும். இரண்டாவதைச் சரியாகக் குறுக்கே வைத்தால் ஒரே இருட்டு. தளம் இடம் திரும்பினாலும் வலம் திரும்பினாலும் ஒரே மாதிரி லேசாக வெளுக்கும், திசை தெரியாது. அதனால் ஒரு டிகிரி போல விலக்கி வைப்பார்கள். கதவை ஒருக்களித்து வைக்கிற மாதிரி. இப்போது ஒரு பக்கத் திருப்பம் வெளிச்சத்தைக் கூட்டும், மறுபக்கத் திருப்பம் குறைக்கும். அந்த ஒருக்களிப்பு எனக்குச் சலிப்பதே இல்லை.

காந்தப் புலத்தை ஏற்றி இறக்கினால் திரையில் ஒரு கண்ணி விரியும். காந்தத் தயக்கம் என்கிறது நம் பாடப்புத்தகம். எவர் வைத்த பேரோ, அருமை. 1999-ல் கேம்பிரிட்ஜில் கௌபர்ன் குழு, சில நூறு நானோமீட்டரும் அதற்குக் குறைவாகவும் அகலமுள்ள காந்தத் தட்டுகளை இப்படி அளந்தது. சிறிய, மெல்லிய தட்டுகளில் கண்ணி சதுரமாக நிமிர்ந்து நின்றது. சற்றுப் பெரிய, தடித்த தட்டுகளில் நடுவில் ஒடுங்கி உடுக்கை போல ஆனது. புலம் குறைந்ததும் காந்தம் தட்டுக்குள் சுழியாகச் சுருண்டுகொள்வதால் வந்த இடை அது. கண்ணுக்குத் தெரியாத சுழியை ஒரு கோட்டின் இடையில் பார்த்துவிடலாம்!

ஒளி உலோகத்துக்குள் சில பத்து நானோமீட்டருக்கு மேல் இறங்காது. குறை என்பார்கள், மேல்தோலைப் பார்த்தே விலை சொல்கிற ஊர்க்காரனுக்கு அது குறையாகப் படவில்லை.

இன்னொரு உறவும் உண்டு. எங்கள் டிரம்களில் தோலின் நார்களைப் பிணைத்து நீலமாக்குவது குரோமிய உப்பு. ஜெர்மனியின் யூலிக்கில் பீட்டர் கிரூன்பெர்க், இரண்டு இரும்புப் படலங்களுக்கு நடுவே சுமார் ஒரு நானோமீட்டர் குரோமியத்தை வைத்தார். அங்கேயும் அது பிணைத்தது, ஆனால் வேறு விதமாக. இரண்டின் காந்தத்தையும் எதிரெதிராகத் திருப்பி நிறுத்தியது. 2007-ல் ஆல்பர்ட் ஃபெர்ட்டுடன் அவருக்கு நோபல் கிடைத்தது இந்த வழியில் வந்த, படலங்களின் காந்தம் எதிரெதிராக நின்றால் மின்தடை கூடும் என்ற கண்டுபிடிப்புக்காக. 1989-ல் கிரூன்பெர்க் குழு வெளியிட்ட கட்டுரையில் மின்தடை வரைபடத்தோடு கெர் கண்ணியும் இருக்கிறது. ஒரே தாவலாக ஏறாமல், படி வைத்து ஏறுகிறது அது.