பெயர் எரிந்த பாலை: ‘வைல்டு’ நூலின் நிலமொழி

செரில் ஸ்ட்ரெய்டு எழுதி 2012இல் வெளிவந்த ‘வைல்டு’ என்னும் தன்வரலாற்று நூல், 1995இல் அவர் தம் 26ஆம் வயதில் தனியே மேற்கொண்ட நெடுநடையைக் கூறுவது. அமெரிக்காவின் பசிபிக் முகட்டுத் தடம் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை ஏறத்தாழ 4,265 கி.மீ. நீள்வது, அதில் ஏறத்தாழ 1,770 கி.மீ. அவர் நடந்தார். 1991இல் நேர்ந்த தாயின் இறப்பும் அதன்பின் வந்த மணமுறிவும் இந்நடைக்குப் பின்புலமாயின. துயரிலிருந்து மீண்ட கதையாக இந்நூலைப் பாராட்டியோர் பலர். நிலத்தைச் சொல்லும் மொழி அதில் எவ்வாறு அமைகிறது என்பதும் ஆராயத்தக்கது. அதற்கு நூலின் தொடக்கப் பகுதியே ஏற்ற களம்.

அவர் நடையைத் தொடங்கிய தெகாச்சபி கணவாய் மோகாவி பாலைவனத்தின் விளிம்பில் உள்ளது. அங்கிருந்து சியரா நெவாடாவின் தென்வாயிலாகிய கென்னடி மெடோஸ் வரை தடத்தின் நீளம் ஏறத்தாழ 220 கி.மீ. இப்பகுதியில் பாலை ஓரிடத்தில் முடிந்து காடு மறுபுறம் தொடங்குவதில்லை. பையூட் மலைமீது ஊசியிலைக் காட்டுக்குள் ஏறும் தடம், மீண்டும் யோசுவா மரங்கள் நிற்கும் வறண்ட பள்ளத்தாக்கில் இறங்குகிறது. பின்னர்ப் பின்யோன் பைன் மரச்சரிவுகளில் ஏறுகிறது. நீர்நிலைகளுக்கு இடையே நெடுந்தொலைவு உள்ளமையால் நடப்பவர் நீரைச் சுமந்தே செல்லவேண்டும்.

இக்கடுமையை நூலாசிரியர் உடலின் மொழியில் சொல்கிறார். நூலின் வலிமையும் இதுவே. தூக்கவியலாத முதுகுப்பைக்குப் பூதம் என்னும் பொருள்பட ‘மான்ஸ்டர்’ எனப் பெயரிடுகிறார். பொருந்தாத எரிபொருளால் அடுப்புப் பழுதாகிக் குளிர்ந்த கூழையே உண்கிறார். பிற்பகுதிகளில் கால்நகங்களை ஒவ்வொன்றாய் இழக்கிறார். தம் அறியாமையை அவர் எங்கும் மறைப்பதில்லை. பாலையிலிருந்து காட்டுக்கு ஏறும் மாற்றமும் சுமைகுறைதலாகவே நிகழ்கிறது. கென்னடி மெடோசில் மற்றொரு நடைப்பயணி, வேண்டாதவற்றைப் பையிலிருந்து நீக்கத் துணைபுரிகிறார். நிலம் மாறியதைக் கண்ணைவிடத் தோளே முதலில் உணர்கிறது எனலாம்.

இச்சுமைகுறைப்பில் ஒரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. வழிகாட்டி நூலில் கடந்துவிட்ட பகுதிக்குரிய தாள்களை அவர் எரிக்கிறார். ஃபாக்னரின் புதினமும் படிக்கப் படிக்க எரிகிறது. ஏட்ரியன் ரிச்சின் ‘பொதுமொழிக் கனவு’ என்னும் கவிதைத் தொகுதி மட்டும் எரியாமல் உடன் வருகிறது. மலையையும் ஊற்றையும் மரத்தையும் பெயர்சொல்லி அறிவித்த தாள்கள் பயன் முடிந்ததும் சாம்பலாகின்றன. அகத்துக்குரிய சொற்கள் காக்கப்படுகின்றன. நூல் முழுவதன் சொற்பொருளியலும் இச்செயலில் அடங்கியிருக்கிறது. மணமுறிவின்போது நெறிபிறழ்ந்து அலைந்தவர் என்னும் பொருளுடைய சொல்லை அகராதியில் கண்டு, அதையே தம் குடும்பப் பெயராக அவர் ஏற்றதும் இங்கு நினைக்கத்தக்கது. தமக்குரிய பெயரைத் தேடி அடையும் நூலில் நிலத்தின் பெயர்கள் இரவற்பெயர்களாகவே நிற்கின்றன.

தொல்காப்பியத் திணைக்கோட்பாடு இந்நிலையை விளக்க உதவும். அதன்படி நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் உணவு, மரம், தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள். ‘வைல்டு’ நூலில் பிரிவு என்னும் உரிப்பொருள் நிறைந்திருக்கிறது. முதற்பொருளும் குறையவில்லை. கருப்பொருளே மெலிந்து காணப்படுகிறது. ஆயினும் இவ்வொப்புமையை வரையறையின்றி நீட்டலாகாது. தமிழ் மரபில் பாலை என்பது முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்த நிலை. மோகாவியோ மலைத்தொடர்களின் மழைமறைவில் அமைந்த, தனக்கே உரிய உயிர்வகைகளைக் கொண்ட நிலையான பாலைவனம். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழிபெயர்ப்பு இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

இதே நிலத்துக்கு வேறொரு சொற்றொகுதியும் உண்டு. தெகாச்சபி என்னும் பெயரே கவாயீசு மொழியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. மாரிஸ் சிக்மண்டு 1981இல் வெளியிட்ட கவாயீசு மக்களின் தாவரவழக்காற்று நூலில் செடிகொடிகள் தாய்மொழிப் பெயரோடும் பயனோடும் பதிவாகியுள்ளன. அங்குப் பின்யோன் பைன் உணவு தரும் மரம். யோசுவா மரத்தின் வேர் கூடைக்கு நிறக்கோலம் தரும் பொருள். வடக்கே கெர்ன் ஆற்றுப்பகுதியில் வாழ்ந்த துபதுலபல் மக்களின் பெயருக்குப் ‘பைன் கொட்டை உண்போர்’ எனப் பொருள் கூறுவர். அவர்கள் மொழிக்கு வோகலின் 1935இல் இலக்கணம் வெளியிட்டார். நடைப்பயணிக்கு நிழல் தரும் மரம், அம்மக்களுக்கு ஒரு பருவத்தின் அறுவடை.

துயருற்றுத் தனியே நடப்பவர் மொழியியலாரைப்போல் பெயர் தொகுக்கவேண்டும் என எதிர்பார்ப்பது முறையா எனக் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. குறை நடையில் இல்லை. நூலின் தலைப்பில் இருக்கிறது. ‘வைல்டு’ என்னும் ஆங்கிலச் சொல் கட்டற்ற மனநிலையையும் மாந்தர் கைபடாத நிலத்தையும் ஒருங்கே குறிப்பது. முதற்பொருளை ஆசிரியர் தம் வாழ்வால் மெய்ப்பிக்கிறார். இரண்டாவதை மெய்ப்பிக்க அந்நிலம் இடந்தரவில்லை. கொட்டை உதிர்த்து, வேர் அகழ்ந்து, பெயரிட்டு வாழ்ந்த மாந்தரின் நிலம் அது. அம்மொழிகளைத் தாய்மொழியாகப் பேசுவோர் மிக அருகிவிட்ட காலத்தில், பல்லாயிரவர் படிக்கும் நூலொன்று அந்நிலத்தைப் பெயரற்ற காடாக நினைவில் நிறுத்துவது சிறு செய்தியன்று.

‘வைல்டு’ உண்மையான நூல். தன்னைப் பற்றிச் சொன்ன எதிலும் அது பொய்க்கவில்லை. பாலையிலிருந்து காட்டுக்கு ஏறிய ஒருவரின் வரலாறாக அது நிலைக்கும். அப்பாலைக்கும் காட்டுக்கும் உரிய வரலாற்றை, எரியாத வேறு ஏடுகளில் தேடவேண்டும்.